தாய்லாந்து ஆகாயப்படை அணி கலைந்ததற்குப் படைச் சீருடைதான் காரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கிழக்காசியக் காற்பந்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், தாய்லாந்தின் இராணுவ அணிகள் 2019ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூடப்பட்டதைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், தொழில்முறைக் காற்பந்தில் பட்டாளத்துக்கு வேலையில்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவற்றுள் ஆகாயப்படை அணியின் எண்பது ஆண்டு வரலாறே அந்த வரிக்குள் அடங்காது என்பதாலும், மலேசிய வாசகர்களுக்குத் தொடர்புள்ள பகுதியும் அதில் இருப்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். இராணுவத்துக்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. அந்த அணிகள் வீழ்ந்ததற்குச் சீருடை காரணமில்லை, அவை ஒரு துறையின் உடைமையாக மட்டுமே இருந்து, தமக்கென்று ஓர் ஊரைத் தேடிக்கொள்ளாமல் போனதே காரணம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தாய்லாந்துக் காற்பந்தில் இராணுவம் பின்னாளில் வந்து நுழைந்ததைப் போலக் கட்டுரை எழுதப்பட்டிருந்தது. உண்மை வேறு. இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று திரும்பிய மன்னர் வஜிராவுத், 1911இல் காட்டுப்புலிப் படை என்ற பெயரில் ஒரு துணைப்படையை அமைத்தார். அவருடைய ஆதரவில்தான் 1915இல், அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் முதல் தேசிய அணி உருவானது. 1916இல் காற்பந்துச் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அரசக் கிண்ணப் போட்டிகளும் தொடங்கின. தரைப்படையின் அணி தன் பிறப்பையும் அந்த 1916ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிட்டு வந்தது. ஆக, அந்நாட்டில் காற்பந்து ஆடத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்களே. ஆலைத் தொழிலாளர்களும் தேவாலயக் குழுக்களும் தொடங்கிய ஆங்கிலேய அணிகளின் கதையை அப்படியே தாய்லாந்தின் மீது போர்த்திப் பார்த்தால், அங்குள்ள இராணுவ அணி ஒவ்வொன்றும் அத்துமீறி உள்ளே புகுந்ததாகத்தான் தோன்றும்.

ஆகாயப்படை அணியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன், ஏனெனில் மூன்று படைகளின் அணிகளுள் அதிகமாகச் சாதித்ததும் அதுதான், அதிகமாக மறக்கப்பட்டதும் அதுதான். 1937இல் ஆகாயப்படை தரைப்படையிலிருந்து பிரிந்து தனிப்படையானது; காற்பந்து அணியும் அதே ஆண்டில் பிறந்தது. இன்றுள்ளதைப் போன்ற லீக் அமைப்பு அந்நாளில் கிடையாது. தாய் எழுத்துகளின் வரிசையில் பெயரிடப்பட்ட அரசக் கிண்ணங்கள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கீழ்க் கிண்ணத்தில் தேறிய அணி மேல் கிண்ணத்துக்குப் போகும். அவற்றுள் உச்சியில் இருந்த 'கோ' கிண்ணத்தை ஆகாயப்படை பத்துக்கும் மேற்பட்ட முறை வென்றது. 1950களின் இறுதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அக்கிண்ணம் ஏறக்குறைய அவர்களுடைய சொத்தாகவே இருந்தது எனலாம்.

இனி பியாபோங் பியூ-ஓனைப் பற்றி. நம் நாட்டில் ஐம்பது வயதைக் கடந்த காற்பந்து ரசிகர்களுக்கு இந்தப் பெயரை நினைவூட்ட வேண்டியதில்லை; இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1959இல் பிறந்த பியாபோங், ஆகாயப்படையின் தாக்குதல் ஆட்டக்காரராக வளர்ந்து, 1981, 1983, 1985 ஆகிய மூன்று சீ விளையாட்டுப் போட்டிகளிலும் தாய்லாந்து தங்கம் வெல்லக் காரணமாக இருந்தவர். 1984இல் தென்கொரியாவின் லக்கி கோல்ட்ஸ்டார் அணி அவரை அழைத்துக்கொண்டது. இன்று எஃப்சி சியோல் என்று அறியப்படும் அணியின் பழைய பெயர் அது. மறு ஆண்டு 12 கோல்கள் அடித்தும், 6 கோல்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தும், கொரிய லீக்கில் அதிகக் கோல் அடித்தவர், அதிகக் கோலுக்கு உதவியவர் என்ற இரண்டு பட்டியல்களிலும் அவரே முதலிடம் பிடித்தார். அவருடைய அணியும் வாகை சூடியது. தென்கிழக்காசியாவிலிருந்து போன ஒருவர் கொரியாவில் அப்படி ஆதிக்கம் செலுத்தியது அந்நாளில் நினைத்துப் பார்க்க முடியாத செய்தி. பிறகு அவர் நம் நாட்டின் பகாங் அணிக்கு வந்தார். 1980களின் இறுதியில் குவாந்தானில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடியே பந்தை வாங்கி, தற்காப்பு ஆட்டக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பி உதைப்பதை இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். அதன்பின் அவர் போன இடம் எது என்பதுதான் இங்கே முக்கியம். வேறொரு வெளிநாட்டு அணியைத் தேடாமல், புறப்பட்ட ஆகாயப்படைக்கே திரும்பி, 1990களில் முப்பது வயதைத் தாண்டிய பின்னும் அங்கேயே ஆடினார்.

ஏன் திரும்பினார் என்று கேட்டால், விசுவாசம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது இருந்திருக்கும், அதோடு ஓர் ஏற்பாடும் இருந்தது. அக்காலத்துத் தாய்லாந்தில் காற்பந்து ஆடிச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தை நெடுநாள் நடத்த முடியாது. வங்கி, துறைமுகம், தொலைபேசி நிறுவனம், புகையிலை வாரியம், காவல் துறை, முப்படை ஆகியவை ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்தன. ஆட்டக்காரர் அவற்றின் பெயரில் ஆடினார். படையில் சேர்ந்தவருக்குப் பதவி உண்டு, மாதச் சம்பளம் உண்டு, முழங்கால் போய்விட்டாலும் அலுவலகத்தில் ஒரு மேசை உண்டு, அறுபது வயதில் ஓய்வூதியமும் உண்டு. ஏழை மாகாணங்களிலிருந்து பேங்காக்குக்கு வந்த பையன்களுக்கு இதைவிடப் பெரிய ஒப்பந்தத்தை எந்த அணியும் அன்று கொடுத்திருக்க முடியாது. இன்று இந்தப் பகுதியின் தொழில்முறை அணிகள் சிலவற்றில் ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி இருப்பதைப் படிக்கும்போது, அந்தப் பழைய ஏற்பாட்டை முழுக்க இகழ எனக்கு மனம் வரவில்லை.

1996இல் தேசிய லீக் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற 18 அணிகளில் மிகப் பல இத்தகைய நிறுவன அணிகளே. முதல் பட்டத்தைப் பேங்காக் வங்கி வென்றது. அடுத்ததாக 1997இல் ஆகாயப்படை வென்றது. 1999இல் மறுபடியும் வென்றது. தொழில்முறைக்கு மாறிய காலத்தில் பட்டாள அணிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை என்ற கருத்தை இந்த இரண்டு பட்டங்களே மறுக்கின்றன. லீக்கின் முதல் நான்கு பட்டங்களில் பாதி அவர்களுடையவை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம். தாய் விவசாயிகள் வங்கியின் அணி 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆசியக் கிளப் வாகையர் பட்டத்தை வென்ற அணி. தாய்லாந்தின் எந்தக் கிளப்பும் அதற்கு முன்னும் பின்னும் எட்டாத உயரம் அது. 1997இல் பாட் நாணயம் சரிந்து நிதி நெருக்கடி வந்தது. வங்கி செலவைக் குறைத்தது. 2000ஆம் ஆண்டில் அணி கலைக்கப்பட்டது. அந்த அணியில் சீருடையும் இல்லை, சல்யூட்டும் இல்லை. இருந்தது ஒரு முதலாளி நிறுவனம். அது வேண்டாம் என்றதும் ஆசிய வாகையர் அணி ஒரு கோப்பாகி அலமாரிக்குள் போனது. பின்னர் பேங்காக் வங்கியின் அணியும் அவ்வாறே மறைந்தது. இராணுவ அணிகளின் முடிவை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2009ஆம் ஆண்டு ஒரு பெரிய திருப்பம். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் வற்புறுத்தலால் லீக்கை நடத்தத் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது; அணிகளும் நிறுவனங்களாகப் பதிவுபெற வேண்டியதாயிற்று. மாகாண அணிகள் அதற்கு முன்பே மேலே வரத் தொடங்கியிருந்தன. 2007இல் சோன்புரி பட்டம் வென்றது, பேங்காக்குக்கு வெளியே ஓர் ஊர் தன் அணிக்காகத் தெருவில் இறங்கும் என்பதை முதன்முதலாகக் காட்டியது. 2008இல் பட்டம் வென்ற மாகாண மின்சார வாரியத்தின் அணியை அரசியல்வாதி நெவின் சிட்சோப் வாங்கிப் புரிராமுக்குக் கொண்டுபோனார். அதுவே இன்று லீக்கை ஆட்டிப் படைக்கும் புரிராம் யுனைடெட். கிருங் தாய் வங்கியின் இடத்தைக் கண்ணாடி நிறுவனமான பேங்காக் கிளாஸ் எடுத்துக்கொண்டது. நிறுவனப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஊர்ப் பெயர்களாக மாறின. படைகள் மட்டும் தங்கள் பெயரை விடவில்லை, விடவும் முடியாது. ஒரு நாட்டின் ஆகாயப்படை எப்படி ஒரு மாகாணத்தின் அணியாகும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை.

ஆகவே, விளம்பரதாரரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். செண்ட்ரல் பேரங்காடிக் குழுமத்தின் ஆதரவோடு 'ஏர் ஃபோர்ஸ் செண்ட்ரல்' ஆன அணி, 2013இல் இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பெற்று மேலே வந்தது, 2014இல் ஒரே பருவத்தில் கீழே போனது. 2017இல் மீண்டும் தகுதி பெற்று, 2018இல் மீண்டும் ஒரே பருவத்தில் இறங்கியது.

அவர்களுடைய தூபதேமி அரங்கில் லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். டான் மியாங் விமானத்தளத்துக்கு வடக்கே, பாத்தும் தானி மாகாணத்தில், படைக்குச் சொந்தமான அரங்கம் அது. திடலைச் சுற்றி ஓட்டப் பந்தயத் தடம் இருப்பதால் பார்வையாளர் வரிசை ஆட்டத்திலிருந்து வெகுதொலைவில் நிற்கிறது. கூரையுள்ள பகுதியில் முடியை ஒட்ட வெட்டிய இளம் சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் நின்றவர் கையைத் தூக்கியபோது கைதட்டி, அவர் கையை இறக்கியபோது நிறுத்தினார்கள். எதிரணிக்காக வேன்களில் வந்திருந்த சிறு கூட்டம் எதிர்ப்பக்கத்தில் மேளத்தோடு தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் சிப்பாய்கள் இருவர் இருவராக அணிவகுத்துப் படை லாரிகளில் ஏறிப் போனார்கள். அரங்கில் இருந்தவர்களை எண்ணினால் கூட்டம் மோசமில்லை. தாமாக வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு பேருந்து நிறையாது.

2018ஆம் ஆண்டைக் கட்டுரையாளர் தம் பக்கத்துச் சான்றாகக் காட்டலாம். அவ்வாண்டு லீக் 18 அணிகளிலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டதால் ஐந்து அணிகள் கீழிறங்க நேர்ந்தது. அவற்றுள் ஆகாயப்படை ஒன்று, கடற்படை ஒன்று, போலீஸ் டெரோ ஒன்று. சீருடை அணிகள் மூன்றும் ஒரே பருவத்தில் வீழ்ந்தன. தரைப்படையின் ஆர்மி யுனைடெட் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறங்கிவிட்டது: 2016 அக்டோபர் 13இல் மன்னர் பூமிபோல் மறைந்ததும் மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போதே பருவம் நிறுத்தப்பட்டது, அன்றைய பட்டியலில் கடைசி மூன்று இடங்களில் ஒன்றில் இருந்த ஆர்மி யுனைடெட்டுக்கு மீளும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 2012இல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் புரிராமிடம் 1-2 என்ற கணக்கில் மட்டுமே தோற்ற அணி அது.

ஆனால் 2018இல் இறங்கிய ஐந்தில் இன்னொன்றைப் பாருங்கள். அது பேங்காக் கிளாஸ். அதற்கும் பின்னணியில் ஒரு நிறுவனமே இருந்தது; அதன் அரங்கமும் ஆகாயப்படையின் அரங்கத்தைப் போல அதே பாத்தும் தானி மாகாணத்தில்தான் இருக்கிறது. இறங்கிய கையோடு அந்த அணி 'பிஜி பாத்தும் யுனைடெட்' என்று மாகாணத்தின் பெயரை ஏற்றுக்கொண்டது. 2019இல் இரண்டாம் நிலையில் முதலிடம் பெற்றுத் திரும்பியது. 2020-21 பருவத்தில் தாய்லாந்தின் வாகையர் ஆனது. அதே மாகாணத்தில், அதே ஆண்டில், அதே பள்ளத்தில் விழுந்த ஆகாயப்படை அணி 2019 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக் கலைந்தது. ஆர்மி யுனைடெட்டும் அப்போதே மூடப்பட்டது. பணம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. கண்ணாடி நிறுவனத்தின் முதலீடு பெரிது. ஆயினும், விழுந்த பிறகு தூக்கிவிட யார் இருந்தார்கள் என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. பாத்தும் தானியில் ஒருவர் தம் மகனுக்கு பிஜி சட்டை வாங்கிக் கொடுப்பார். 'ஆகாயப்படை' என்று எழுதிய சட்டையைப் படைக்குடும்பம் அல்லாதவர் யார், எதற்காக வாங்குவார்?

பட்டாள அணி என்பதே காலாவதியான ஒன்று என்றால், ஆசியாவின் பிற நாடுகளிலும் அவை மறைந்திருக்க வேண்டும். ஈராக்கின் ஆகாயப்படை அணியான அல்-குவா அல்-ஜவியா 1931இல் தொடங்கியது. 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை, ஆசியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது. அதன் ஆட்டங்களுக்குப் பாக்தாத் மக்கள் திரண்டு வருகிறார்கள், எவரும் லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. தென்கொரியாவின் சாங்மு அணியில் ஆடுவோர் கட்டாயப் படைச்சேவை செய்யும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆண்டுதோறும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இருந்தும் அந்த அணி முதலில் குவாங்ஜு, பிறகு சாங்ஜு, 2021 முதல் கிம்சோன் என்று எப்போதும் ஒரு நகரத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டே ஆடுகிறது. 2024இல் கொரியாவின் முதல் நிலை லீக்கில் மூன்றாம் இடம் பெற்றது. வியட்நாமில் 1954இல் தோன்றிய படை அணியான தே கோங்கைப் பாதுகாப்பு அமைச்சு 2009இல் கலைத்துவிட்டது. ஆனால் இளையோர் பயிற்சி நிலையத்தைக் கைவிடவில்லை. படைக்குச் சொந்தமான வியட்டெல் தொலைத்தொடர்பு நிறுவனம் அங்கிருந்தே அணியை மறுபடி கட்டி 2020இல் தேசியப் பட்டம் வென்றது. 2023இல் பழைய பெயரும் திரும்பி வந்தது.

தாய்லாந்திலேயே கடற்படை அணி 2019க்குப் பிறகும் தொடர்ந்து ஆடியது. அது பேங்காக்கை விட்டுச் சத்தஹிப் துறைமுக நகருக்குப் போன அணி. சத்தஹிப்பில் கடற்படையும் ஊரும் ஒன்றே: கடைக்காரரின் தம்பி கப்பலில் இருப்பார், பள்ளி ஆசிரியையின் கணவர் தளத்தில் இருப்பார். மற்ற இரண்டு படைகளும் தலைநகரின் ஓரத்திலேயே தங்கிவிட்டன.

இராணுவ அணிகளின் மீது வைக்கத்தக்க நியாயமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 1932க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட ஆட்சிக் கவிழ்ப்புகளைக் கண்ட நாடு அது. தரைப்படைக்குத் தொலைக்காட்சி நிலையம் உண்டு, லும்பினி குத்துச்சண்டை அரங்கமும் உண்டு. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு படை, அரங்கமும் ஆளும் சம்பளமும் தானே கொடுத்து, தனியார் அணிகளோடு ஒரே லீக்கில் போட்டியிடுவது முறையா, அதன் கணக்கை யாரிடம் காட்டினார்கள் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அது காற்பந்துத் திறமையைப் பற்றிய கேள்வியன்று என்பதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் இது அந்நியமான செய்தியில்லை. ஆர்மி யுனைடெட் எஃப்ஏ கிண்ண இறுதியில் தோற்ற அதே 2012ஆம் ஆண்டில், பி. சத்தியநாதன் பயிற்றுவித்த நம் ஆயுதப்படை அணி ஏடிஎம், அன்று நாட்டின் இரண்டாம் நிலை லீக்காக இருந்த பிரிமியர் லீக் பட்டத்தை வென்று, மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஷா ஆலமில் கிளந்தானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று 2-3 என்ற கணக்கில் தோற்றது. அன்று அரங்கில் சிவப்புச் சட்டையோடு நிரம்பியிருந்தவர்கள் கிளந்தானிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்தவர்கள். ஏடிஎம் அணி பின்னர் சூப்பர் லீக்குக்கு உயர்ந்து, சில ஆண்டுகளிலேயே கீழ்நிலைகளுக்குச் சரிந்துவிட்டது. தங்கள் விளையாட்டுப் பக்கம் இந்த அணியைப் பற்றி எழுதும்போது, அதைப் படைமுகாம் உள்ள ஏதேனும் ஒரு நகரத்தில் நிலையாகக் குடியமர்த்தி, அந்நகர இளைஞர்களையும் அணியில் சேர்க்கும் திட்டம் ஏதும் உண்டா என்று பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும். படைமுகாமுக்குப் பெயர்போன எங்கள் தைப்பிங்கில் அதை வரவேற்கப் பலர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
தைப்பிங், பேராக்